பெரட்டில் சொல்லாத காய்ச்சல்

காலை ஆறரை மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அந்த மருத்துவமனையின் செயலாளர் ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். ஆயாக்களும், கூட்டிப் பெருக்குகிறவர்களும், சமையற்கட்டு ஆட்களும் அதைப் பெரட்டு என்றுதான் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் தோட்டத்தை விட்டுவிட்டார்கள்; தோட்டத்துச் சொல் அவர்களை விடவில்லை. சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கூடவே வேறு சிலதும் ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் இத்தனையும் நடந்தது.

மலாக்காவில், காஜா பேராங் சாலையில், மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங்குக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த நாற்பது கட்டில் தர்ம மருத்துவமனை அது. அங்கே சந்திரமதி ஐந்து வருஷமாக நர்ஸ். எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி. இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, கை சுத்தம், பேச்சில் கொஞ்சம் கண்டிப்பு. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. அப்பா குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்து செத்துப்போனவர். கங்காணி மகள் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

1957, மே மாதம். ஊரெங்கும் மெர்டேக்கா பேச்சு. ஆகஸ்டு கடைசியில் நாடு நம் கைக்கு வரப்போகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையின் சீன டாக்டர் சுவாவுக்கு மட்டும் வேறு கவலை. ஹாங்காங்கில் கிளம்பிய ஒரு காய்ச்சல் சிங்கப்பூர் வரைக்கும் வந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு வர அதற்கு எத்தனை நாள் ஆகும்?

"நோயாளி நம்மிடம் வந்து சேரும்போது நோய் அவனை முழுசாகப் பிடித்திருக்கும்" என்றார் அவர் சந்திரமதியிடம். "நோயாளியைத் தொட்டுத் தூக்குகிறவர்கள்தான் முதலில் விழுவார்கள். தொண்டை கரகரக்கிற அன்றைக்கே அவர்கள் நம்மிடம் வாய்விட்டுச் சொன்னால், ஊருக்கு என்ன வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும்."

அதற்காக ஒரு நீளமான தடித்த நோட்டு வந்தது. ஒரு பக்கம் ஒரு நாளுக்கு. முப்பத்திரண்டு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நம்பர், பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள்: காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. பெரட்டில் சந்திரமதி ஒவ்வொருவராகக் கேட்டு, இருக்கு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். இருக்கு என்று சொன்னவர் ஐந்து நாள் வீட்டில் இருக்கலாம். சம்பளம் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் செயலாளரோடு மல்லுக்கு நின்று உத்தரவு வாங்கியிருந்தார். சாயங்காலம் அவர் அந்தக் கட்டங்களைப் பார்த்து, சுவரில் ஒட்டிய தாளில் பென்சிலால் புள்ளி வைப்பார்.

முதல் நாள் எல்லாரும் ஒண்ணுமில்ல மிஸ்ஸி என்றார்கள். ஒருத்தி அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சந்திரமதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரியாததா? தோட்டத்தில் இருட்டுப் பிரியும் முன்னே பெரட்டுக் களத்தில் வரிசை நிற்கும். அப்பா விளக்கைத் தூக்கி முகம் பார்ப்பார். எவளாவது காய்ச்சல் என்றால், "ஒனக்குக் காய்ச்சல்னு மரத்துக்குத் தெரியுமா?" என்பார். கூட நிற்பவர்களும் சிரிக்க வேண்டும். அப்படி ஒருநாள் காய்ச்சல் என்று சொன்னவள்தான் அஞ்சலை. கையில் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்து மரத்துக்கு அனுப்பினார்கள். நாற்பதாவது மரத்தடியில் சுருண்டு விழுந்தவளைப் புருஷன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதோடு அவள் பெரட்டில் வாயைத் திறந்ததே இல்லை. அந்தக் காலத்தில் சந்திரமதி, அதே அஞ்சலையின் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த குழந்தை. இப்போது அஞ்சலை இந்த மருத்துவமனையில் எட்டாம் நம்பர் ஆயா. புருஷன் இல்லை, பூங்காவனம் என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள். வரிசையில் நிற்கும்போது அஞ்சலைக்கும் சந்திரமதி மிஸ்ஸிதான். மற்ற நேரத்தில் புள்ள.

இரண்டாம் நாள் சந்திரமதி நோட்டைத் திறக்காமல் வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் கங்காணி மக" என்றாள். அவள் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "எங்கப்பா என்னென்ன செஞ்சாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். இது அந்தப் பெரட்டு இல்ல. ஒடம்பு முடியலன்னு சொன்னா இங்க ஒரு கொறையும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

கடைசியில் நின்ற கலியாணசுந்தரம் தொண்டையைக் கனைத்தார். சமையற்கட்டில் தேநீர் கலக்குகிறவர் அவர். ஐம்பதை எட்டிய ஒற்றை ஆள், வாய் ஓயாது, அவர் கலக்கும் தேயைக் குடித்துவிட்டுத்தான் அந்த மருத்துவமனையே கண் விழிக்கும்.

"கங்காணி மகளே பொறுப்பு ஏத்துக்கிட்டப்பறம் நமக்கென்ன பயம்? எழுதிக்கோங்க மிஸ்ஸி. ரெண்டு நாளா முதுகு புடிச்சிருக்கு."

"அது இந்தக் கட்டத்துல வராதுண்ணே."

"அப்ப அதுக்கு ஒரு கட்டம் போடுங்க."

வரிசை சிரித்தது. அன்றைக்கே இரண்டு பேர் இருமலை ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து ஆளாளுக்கு வாய் திறந்தது. கேட்காத மூட்டு வலி, அஜீரணம், மருமகள் கொடுமை வரைக்கும் வந்தது. நாலைந்து நாளில், உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று அந்த முப்பத்தொரு பேரும் நம்பிவிட்டார்கள். அவர்களை நம்பவைத்தவள் சந்திரமதி. அவள் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களை எண்ணினால் இதை முதலில் எண்ணலாம். அதே வாரத்தில்தான் அவள் மற்றதையும் செய்தாள்.

இருபதாம் தேதி திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவரைக் காய்ச்சலோடு சேர்த்தார்கள். மலேரியா என்று சீட்டில் எழுதியிருந்தது. சந்திரமதிதான் ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்தாள். அவர் அவள் முகத்துக்கு நேரே இருமினார். வியாழக்கிழமை காலை எழுந்தபோது அவளுக்குத் தொண்டையில் உமி சிக்கினது போல இருந்தது. கண் எரிந்தது. அவள் குடியிருந்த வீட்டுக்காரி ஒரு செட்டி அம்மாள், கோயிலுக்குப் பூத்தட்டோடு கிளம்பியவள் நின்று பார்த்து, "டெமாமா?" என்று மலாயில் கேட்டாள். காய்ச்சல் இல்லை, வெயிலில் அலைந்தது என்று சந்திரமதி சொன்னாள்.

பெரட்டில் எல்லாரையும் கேட்டு எழுதினாள். முப்பத்திரண்டாவது பெயர் அவளுடையது. அதை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கிறவளை யார் கேட்பது? பேனா ஒரு நிமிஷம் நின்றது.

அவளிடம் காரணம் இருந்தது. அவள் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் நோட்டு மேட்ரன் கைக்குப் போகும். மேட்ரனுக்குத் தமிழ் தெரியாது, பொறுமையும் கிடையாது. இப்போதுதான் வாய் திறந்த சனங்கள் திரும்பவும் மூடிக்கொள்வார்கள். லேசான கரகரப்புதானே, சாயங்காலம் கசாயம் குடித்தால் ஓடிவிடும். நல்ல காரணம்தான். பொய் சொல்கிற யாரிடம்தான் நல்ல காரணம் இல்லை? நான்கு கட்டத்திலும் இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதி நோட்டை மூடினாள். அந்த நல்ல காரணத்துக்கு அடியில் கங்காணி மகளுக்கும் அதே தோட்டத்துப் பயம் இருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. பெரட்டில் முடியவில்லை என்று சொல்லக் கூடாது. தோட்டத்தில் அடி வாங்கினவர்கள் கற்றுக்கொண்ட பாடத்தை அடித்தவர் வீட்டுப் பிள்ளையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு, பின்கட்டுப் படியில் அஞ்சலை அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கலியாணசுந்தரம் இரண்டு குவளை கொண்டுவந்து வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்கப் பக்கத்திலேயே நின்றார். சந்திரமதி குவளையை எடுக்கும்போது கை பட்டது. அஞ்சலை அந்தக் கையை விடவில்லை.

"சுடுதே புள்ள. எழுதிக்கிட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா. தே சூடு."

அஞ்சலை புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கலியாணசுந்தரம் அதற்குள் யாரோ கூப்பிட்டு உள்ளே போயிருந்தார். அஞ்சலை தன் குவளையிலிருந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, ஆறியிருந்ததால் அதையே அவளிடம் நீட்டினாள். அவள் பாதி குடித்துவிட்டுத் தந்தாள். மீதியை அஞ்சலை குடித்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கம்.

சனிக்கிழமை பெரட்டில் கலியாணசுந்தரம், "மிஸ்ஸி, இந்தத் தடவை கட்டத்துக்குள்ள வர்ற மாதிரியே வந்திருக்கு" என்றார். காய்ச்சல் இருக்கு, இருமல் இருக்கு, தொண்டை, உடம்பு எல்லாம் இருக்கு. நோட்டில் நான்கு கட்டமும் நிறைந்த முதல் ஆள் அவர். ஞாயிறன்று அஞ்சலை எட்டாம் நம்பரில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "காய்ச்சல் இருக்கு மிஸ்ஸி" என்றாள். இருபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு பெரட்டில் அவள் சொன்ன முதல் காய்ச்சல் அது. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வாரத்தில் இன்னும் ஏழு பேர் விழுந்தார்கள். சந்திரமதிக்கு அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. அவள் ஓடியாடி எல்லாரையும் பார்த்தாள்.

அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நோட்டில் காய்ச்சல் என்று விழுந்த முதல் பெயர் யாருடையது? கலியாணசுந்தரத்தினுடையது. அவர் மே பதினான்காம் தேதிதான் சிங்கப்பூரில் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவு போதாதா? அந்த ஆள் தேயில் கலந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டான் என்றார்கள். அவர் குணமாகி வந்தபோது அவர் கலக்கிய தே அண்டாவோடு அப்படியே ஆறிக் கிடந்தது. யாரும் அவரை வையவில்லை, குவளையை மட்டும் நீட்டவில்லை. செயலாளர் அவரைச் சமையற்கட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டப் போட்டார். பிணவறைக்குப் பின்னால் முழங்கால் உயரப் புல்லில் அவர் அரிவாளோடு நின்றார். சந்திரமதி அந்தப் பக்கம் போனபோது, "உண்மையச் சொன்னா ஒரு கொறையும் வராதுன்னீங்களே மிஸ்ஸி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாளிலிருந்து பெரட்டு பழையபடி ஆனது. ஒண்ணுமில்ல மிஸ்ஸி. ஒண்ணுமில்ல. கண் சிவந்து, மூக்கு ஒழுக, நிற்க முடியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, ஒண்ணுமில்ல. டாக்டரின் தாளில் புள்ளிகள் தரையில் படுத்துவிட்டன. வார்டில் மட்டும் கட்டில் போதாமல் பாய் போட்டார்கள்.

அஞ்சலைக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. தான் கூட்டித் துடைத்த பெண்கள் வார்டிலேயே கடைசிக் கட்டிலில் அவளைப் போட்டார்கள். ஊசி மேல் ஊசி போட்டும் மூச்சு திணறியது. பூங்காவனம் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள். அஞ்சலை எதையும் கேட்கவில்லை; ஒருமுறை மட்டும், "கலியாணண்ணன் கையால ஒரு தே குடிச்சா நல்லாருக்கும்" என்றாள். வார்டில் இருந்த மற்றவர்கள் கூடாது என்றார்கள். புதிதாக வந்தவன் கலக்கிய தே வந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கினாள். அப்போதே போய் அந்த மனுஷரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். சந்திரமதி போகவில்லை. போனால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் டாக்டர் சுவா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொற்று வந்த சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்கு இருந்தது. அஞ்சலைக்குச் சந்தை மலாய் வரும். ஆனால் மூச்சு வாங்கும்போது தமிழ்தான் வந்தது. ஆகவே சந்திரமதி நடுவில் நின்றாள்.

"காய்ச்சல் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் இவளோடு நெருங்கி இருந்தவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா? சமையற்கட்டு ஆளுக்கு முன்னால். கேள்."

அவள் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். டாக்டருக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே கேட்டாள். கேட்டுவிட்டு அஞ்சலை என்ன சொல்வாளோ என்று நின்றாள். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

அஞ்சலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. பெரட்டுக் களத்தில் இன்னொரு பாடமும் உண்டு. பக்கத்தில் நிற்பவளைக் கங்காணியிடம் காட்டிக் கொடுக்கக் கூடாது. தன் காய்ச்சலைச் சொல்ல அஞ்சலை இந்த வயதில் கற்றுக்கொண்டாள். அடுத்தவள் காய்ச்சலைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"யாருமில்ல" என்றாள். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "யாருமில்லன்னு எழுது புள்ள" என்றாள்.

சந்திரமதி டாக்டரிடம் திரும்பி, யாரும் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் பிசகவில்லை. எப்படிப் பிசகாமல் இருந்தது என்று பிறகு பல நாள் நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

ஜூன் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அஞ்சலை போய்விட்டாள். அன்றைக்கே மத்தியானம் எடுத்தார்கள். தொற்றுக்குப் பயந்து பத்துப் பேருக்கு மேல் வரவில்லை. கலியாணசுந்தரம் எதிர்ச் சாரியில், ஒரு கடை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்தால் சனம் விலகும் என்று அவருக்குத் தெரியும். பாடை அவரைத் தாண்டிப் போகும்போது குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டார். பூங்காவனம் அழுதபடியே சந்திரமதியின் தோளில் சாய்ந்தாள். தன் தோளை இழுத்துக்கொள்ள வேண்டும் போல சந்திரமதிக்கு இருந்தது.

அப்புறமும் அவள் சொல்லவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அஞ்சலை செத்த அன்றைக்கே உண்மை வெளியே வந்திருந்தால் கதை கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை. இரண்டு வாரம் அவள் வேலைக்கு வந்தாள், நோட்டைத் திறந்தாள், ஒண்ணுமில்லைகளை எழுதினாள், வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். கோலாலம்பூருக்கு அனுப்புவதற்கு டாக்டர் ஓர் அறிக்கை எழுதினார். பதினேழாம் தேதி மாலை அதை நல்ல எழுத்தில் படியெடுத்துத் தரச் சொன்னார். மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: இந்த நிறுவனத்தில் முதலில் காய்ச்சல் கண்டவர், அண்மையில் சிங்கப்பூர் சென்று திரும்பிய சமையற்கட்டு ஊழியர். கீழே பெயர், வயது.

"எனக்கு இது ஒத்துவரவில்லை" என்றார் டாக்டர், சுவர்த் தாளைப் பார்த்தபடி. "திரும்பி வந்து பதினொரு நாள் கழித்துக் காய்ச்சல். இந்த நோய் அவ்வளவு நாள் காத்திருக்காது, மூன்றே நாள்தான். ஆனால் நோட்டு இதைத்தான் சொல்கிறது. அவர்கள் உன்னிடம் பொய் சொல்ல மாட்டார்கள்."

சந்திரமதி பெயர் வரைக்கும் எழுதினாள். வயதை எழுத வரவில்லை. நாளைக் காலையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமைப் பெரட்டில் பூங்காவனம் நின்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மாவின் வேலைக்கு மகளை எடுத்திருந்தார்கள். அம்மாவின் இடம், அம்மாவின் எட்டாம் நம்பர், இடுப்பில் இரண்டு சுற்று மடித்துக் கட்டிய அம்மாவின் வெள்ளைச் சேலை. வரிசையின் கடைசியில் கலியாணசுந்தரம் அரிவாளோடு நின்றார். அவருக்கும் அவருக்கு முன்னால் நின்றவளுக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கலாம். டாக்டர் வராந்தாவில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

சந்திரமதி அவரிடம் போனாள். "டாக்டர், நீங்கள் இங்கேயே நில்லுங்கள். நான் தமிழில் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்" என்றாள். தனியாக அவர் அறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் கலியாணசுந்தரத்தின் பெயர் கெட்டது இந்த வரிசையில். இங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நோட்டில் மே இருபத்துமூன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"முப்பத்திரெண்டாம் நம்பர், சந்திரமதி" என்று படித்தாள். "இதுல எல்லாம் இல்லைன்னு எழுதியிருக்கு. அது பொய். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்துச்சு. தொண்டை வலி இருந்துச்சு. கலியாணண்ணனுக்கு என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு. அஞ்சலையக்காவுக்கும் என்கிட்டேர்ந்துதான்." அதற்கு மேல் ஒன்றிருந்தது, அதையும் சொன்னாள். "அக்காவுக்குத் தெரியும். யாருமில்லன்னு எழுதச் சொன்னாங்க. நான் எழுதினேன்."

வார்த்தைக்கு வார்த்தை டாக்டருக்கும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் காப்பியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "லாரி ஓட்டுநர், இருபதாம் தேதி. நீ, இருபத்துமூன்று. பிறகு இருபத்தைந்து, இருபத்தாறு" என்று விரலை மடக்கினார். எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தியது. "எனக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்திருக்கும், மிஸ் சந்திரமதி" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு நாளில் அவர் என்னென்ன செய்திருப்பார் என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். முதலாவதாக, பின்கட்டுப் படியில் அந்த ஒரு குவளைத் தே குடிக்கப்பட்டிருக்காது.

கலியாணசுந்தரம்தான் பேசினார்.

"இத அப்பவே சொல்லியிருந்தா, அஞ்சலைக்கு ஒரு தே கலந்து குடுத்திருப்பேன்" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "கேட்டுச்சாம். என்கிட்ட வந்து சொன்னாங்க. நான் புல்லு வெட்டிக்கிட்டிருந்தேன்."

சந்திரமதி நோட்டை டாக்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இன்றைய பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. எழுது" என்றார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்றாம் நம்பர். இல்ல. இரண்டாம் நம்பர். இல்ல. இப்போது மிஸ்ஸி என்று யாரும் சேர்க்கவில்லை. சிலர் அவள் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் முடிந்தது.

"எட்டாம் நம்பர். பூங்காவனம்."

பூங்காவனம் அவளை நேராகப் பார்த்தாள். அவள் அம்மாவின் கண்தான், கொஞ்சமும் மாற்றமில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் மெதுவாக. "போறதுக்கு முந்தின நாளு அம்மா சொல்லிச்சு. நம்ம புள்ளதான், யாருகிட்டயும் சொல்லிடாத, வேலை போயிடும்னுச்சு. நீங்க இன்னைக்குச் சொல்லலன்னா நான் சாவுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

பதினாறு நாளும் இந்தப் பெண் எல்லாம் தெரிந்துதான் அவள் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். சந்திரமதிக்கு எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"இருமல்?"

"இல்ல."

"தொண்டை வலி?"

பூங்காவனம் எச்சிலை விழுங்கி முகம் சுளித்தாள். பக்கத்தில் நின்றவள் ஓர் அடி நகர்ந்தாள். கடைசியில் நின்ற கலியாணசுந்தரம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, வரிசையைத் தாண்டி வந்து, அந்தக் காலி இடத்தில் நின்றுகொண்டார்.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து" என்றாள் பூங்காவனம். "முழுங்குனா வலிக்குது. இருக்குன்னு எழுதுங்க மிஸ்ஸி."

சந்திரமதி எழுதினாள்.